நூறு யூனிட் யாருக்கு? ஒரு மீட்டரும் மூணு குடும்பமும்

இன்னைக்கு நேரா ஒரு கணக்குல ஆரம்பிப்போம். பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கங்க.

மூணு குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் ரெண்டு மாசத்துக்கு 160 யூனிட் கரண்ட் செலவழிக்குது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் இருந்தா, ஒவ்வொருத்தரும் கட்ட வேண்டியது 141 ரூபாய். மூணையும் கூட்டினா 423 ரூபாய்.

இப்ப அதே மூணு குடும்பம், அதே ஃபேனு, அதே லைட்டு, அதே மிக்ஸி. ஆனா மூணு பேருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். பில்லு எவ்வளவு தெரியுமா? 1,679 ரூபாய். கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஒரு யூனிட் கூட யாரும் அதிகமா எரிக்கல.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா, தமிழ்நாட்டு மின் மானியம் எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா புரிஞ்சிரும்.

உதாரணத்துக்கு ஒரு ஊர். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் தாலுகாவுல, செம்பட்டிக்குப் பக்கத்துல இருக்கற பேரூராட்சி சித்தையன்கோட்டை. இந்த மாதிரி ஊர்ல வீடு எப்படி இருக்கும்? கீழ வீட்டுக்காரர், மாடியில ஒரு வாடகைக் குடித்தனம். இல்ல, வரிசையா நாலு லைன் வீடு. இல்ல, மீட்டர் இன்னும் அத்தா பேர்லயோ அப்பா பேர்லயோ இருக்கும். அதே வீட்டைத் தடுத்து, கல்யாணமான ரெண்டு பிள்ளைங்க தனித்தனியா உலை வைப்பாங்க. நான் சொன்ன மூணு குடும்பக் கணக்கு இங்கல்லாம் நேராப் பொருந்தும்.

சரி, மானியத்துக்கு வருவோம். 2016 மே 23. ஜெயலலிதா மறுபடியும் முதலமைச்சரா பதவியேத்த அன்னைக்கே போட்ட கையெழுத்துகள்ல ஒண்ணு, எல்லா வீடுகளுக்கும் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்ங்கறது. ஆட்சி மாறின பிறகும் அது நிக்கல. 2022 செப்டம்பர்ல கட்டணத்தை உயர்த்தினப்பவும் 100 யூனிட்டைத் தொடல. வீடுகளுக்கு இருந்த நிலைக்கட்டணத்தையும் எடுத்துட்டாங்க.

இன்னொரு பக்கம் ரேட்டு ஏறிக்கிட்டேதான் வருது. 2022-க்கு முன்னாடி 200 யூனிட் ஓட்டின வீடு நிலைக்கட்டணத்தோட சேர்த்து 170 ரூபாய் கட்டுச்சு. அந்த செப்டம்பர்ல 225 ஆச்சு. 2024 ஜூலையில 235. 2025 ஜூலையில மறுபடி கூட்டினப்ப, வீடுகளுக்கு வர வேண்டிய கூடுதலை அரசே ஏத்துக்கிச்சு. அதனால நான் இந்தக் காணொளியில சொல்ற ரேட்டெல்லாம் 2024 ஜூலையில வந்த ரேட்டுதான்.

அந்த ரேட்டை மெதுவாச் சொல்றேன். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருக்கற வீடு: முதல் 100 இலவசம். 101-லிருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201-லிருந்து 400 வரைக்கும் 4 ரூபாய் 70 காசு. 401-லிருந்து 500 வரைக்கும் 6 ரூபாய் 30 காசு.

500-ஐத் தாண்டினா? அப்பவும் முதல் 100 இலவசம்தான். ஆனா அடுத்த 100-க்கு இருந்த அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை போயிரும். 101-லிருந்தே 4 ரூபாய் 70 காசு. 501-லிருந்து 600 வரைக்கும் 8 ரூபாய் 40 காசு, அதுக்கு மேல இன்னும் கூடும். அதாவது 500-ல நின்னா 1,805 ரூபாய். 501 ஆனா 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட், 243 ரூபாய்க்கு மேல.

இப்ப அந்த மூணு குடும்பத்தை வெயில் காலத்துல பாருங்க. ஆளுக்கு 180 யூனிட் ஆகுது. தனித்தனி மீட்டர்னா ஆளுக்கு 188 ரூபாய். ஒரே மீட்டர்னா 540 யூனிட், 500-ஐத் தாண்டியாச்சு. பில்லு 2,376 ரூபாய். பெரிய ஏசி வீட்டுக்குப் போட்ட ரேட்டை, ஏசியையே பார்க்காத மூணு குடும்பம் கட்டுது.

100 யூனிட்னா எவ்வளவுன்னு சொல்லிடறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். ரெண்டு ஃபேன் ஓடினாலே இலவசம் முடிஞ்சுது. கரண்ட் குறைவா இழுக்கற பிஎல்டிசி ஃபேன்னா 30 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். அதே ஓட்டத்துக்கு 22 யூனிட் அளவுக்குத்தான் ஆகும். விலை கூடத்தான். ஆனா 200-க்கும் 500-க்கும் ஓரத்துல நிக்கிற வீட்டுக்கு அது போட்ட காசைத் திருப்பித் தரும்.

அடுத்தது, இந்தப் பணத்தை யார் கட்டுறா? மின்வாரியம் சும்மா விட்டுக்கொடுக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. கட்டணத்தை நிர்ணயிக்கிறது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003-ம் வருஷ மின்சாரச் சட்டத்தோட 65-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மாநில அரசு யாருக்காவது சலுகை கொடுக்கணும்னா, அந்தத் தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்டணும். 2024 ஆணைப்படி 400 யூனிட் வரைக்கும் அசல் விலை 4 ரூபாய் 80 காசு. 160 யூனிட்டுக்கு 768 ரூபாய். நீங்க கட்டுறது 141. மீதி 627 ரூபாயை உங்களுக்காக அரசு மின்பகிர்மானக் கழகத்துக்குக் கட்டுது. அது நம்ம வரிப்பணம்.

இந்த 627-ஐ நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. தனித்தனி மீட்டர் இருந்தா மூணு குடும்பத்துக்கும் சேர்த்து அரசு கட்டுறது 1,881 ரூபாய். ஒரே மீட்டர்ல இருக்கறப்ப? அசல் விலை 2,436, பில்லு 1,679, அரசு கட்டுறது வெறும் 757 ரூபாய்தான். ஏன்னா அரசு குடும்பத்தை எண்ணல, மீட்டரை எண்ணுது.

இந்த மானியத்துல ஒரு நல்ல விஷயம் இருக்கு, அதை முதல்ல சொல்லணும். அமெரிக்காவுல 1981-லிருந்து வருமானம் குறைஞ்ச குடும்பங்களோட மின்சாரம், எரிவாயு பில்லுக்கு உதவித்தொகைத் திட்டம் இருக்கு. ஆனா விண்ணப்பிக்கணும், வருமானத்தை நிரூபிக்கணும். டெல்லியில 2022 அக்டோபர்லிருந்து, கேட்டவங்களுக்குத்தான் மானியம். இங்க யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம். வருமானச் சான்று வேண்டாம், மனு வேண்டாம், யார் கால்லயும் விழ வேண்டாம். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீட்டு இணைப்புக்கு அது தானா பில்லுல கழியுது. ஏழைன்னு ஒரு அட்டையைக் காட்டித்தான் வாங்கணும்ங்கற நிலைமை இல்லாதது பெரிய மரியாதை. அதை விட்டுறக் கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா அதே நேரம், 2022 நவம்பர்ல மின் இணைப்போட ஆதாரை இணைக்கச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? மானியம் போயிரும்னு ஊரெல்லாம் பயம். அப்ப மின்துறை அமைச்சரா இருந்த செந்தில் பாலாஜி, ஒருத்தர் பேர்ல அஞ்சு இணைப்பு இருந்தாலும் அஞ்சுக்கும் 100 யூனிட் உண்டுன்னு விளக்கம் சொன்னார். வாடகைக்கு இருக்கறவங்க நிம்மதியானாங்க. அது சரியான முடிவு. ஆனா அதோட மறுபக்கத்தைப் பாருங்க. அஞ்சு மீட்டர் வச்சிருக்கற ஒருத்தருக்கு அஞ்சு நூறு. ஒரு மீட்டர்ல வாழுற மூணு குடும்பத்துக்கு ஒரே நூறு. இது அநியாயம். இதைப் பத்திப் போதுமான அளவுக்கு யாரும் பேசல.

வாடகை வீட்டுல இது இன்னும் மோசமாகுது. வீட்டுக்காரர் உள்ளுக்குள்ள ஒரு சப் மீட்டர் வச்சிருப்பார். யூனிட்டுக்கு 8 ரூபாய், சில இடத்துல 10 ரூபாய்னு வாங்குவாங்க. 8 ரூபாய்னே வைங்க. 160 யூனிட்டுக்கு 1,280 ரூபாய். தனி மீட்டர் இருந்திருந்தா 141. மூணு குடித்தனத்துக்கிட்டயும் வாங்கினா 3,840 ரூபாய். வாரியத்துக்குப் போறது 1,679. அரசு குடும்பங்களுக்குன்னு கொடுத்த காசு வாசலைத் தாண்டி உள்ள வரவே இல்ல. எல்லா வீட்டுக்காரரும் இப்படின்னு நான் சொல்லல. பில்லைக் காட்டி, வந்த தொகையைச் சமமாப் பிரிச்சுக்கறவங்களும் இருக்காங்க. ஆனா பில்லு உங்க கண்ணுல படலைன்னா, கேட்டு வாங்கிப் பாருங்க.

கர்நாடகாவுல 2023-ல க்ருஹ ஜோதி திட்டம் வந்தப்ப, வாடகைக்கு இருக்கறவங்களே தங்க பேர்ல பதிஞ்சுக்கலாம்னு வச்சாங்க. மாசத்துக்கு 200 யூனிட் வரைக்கும். குடியிருக்கற குடும்பத்துக்குத்தான் சலுகைன்னு அங்க வெளிப்படையா ஏத்துக்கிட்டாங்க. அங்கயும் தனி மீட்டர் இருந்தாத்தான் ஆகும். ஆக, எங்க போனாலும் கதவு மீட்டர்தான்.

அப்ப தனி மீட்டர் வாங்க முடியுமா? முடியும். ஒரே கட்டடத்துல தனித்தனிக் குடும்பம் இருந்தா தனித்தனி இணைப்பு கொடுக்கலாம்னு மின் விநியோக விதித்தொகுப்பு சொல்லுது. நிபந்தனை என்னன்னா, வீடு நிரந்தரமா தடுத்துப் பிரிஞ்சிருக்கணும், வயரிங்கும் தனியா இருக்கணும். துணியைக் கட்டித் தடுத்தது செல்லாது. ஒரே குடும்பம் 100 யூனிட்டுக்காக ரெண்டு மீட்டர் வாங்கறதும் செல்லாது. கண்டுபிடிச்சா ரெண்டையும் ஒண்ணா இணைச்சிருவாங்க.

வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தா சுலபம். கொடுக்க மறுத்தாலும் வழி இருக்கு: சட்டப்படி குடியிருக்கறதுக்கு ஆதாரமும், ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்துக் கேட்கலாம். டெபாசிட், வளர்ச்சிக் கட்டணம்னு சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனா 1,280-க்கும் 141-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பில்லுக்கு 1,139 ரூபாய். சில பில்லுலயே போட்டது திரும்ப வந்துரும். வீட்டுக்காரங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: தனி மீட்டர் வச்சுக்கொடுத்தா உங்க மீட்டர் 500-ஐத் தாண்டாது. கரண்ட் காசு கேட்டு மாசாமாசம் மனக்கசப்பும் வராது.

இன்னும் சில விஷயம், வேகமாச் சொல்லிடறேன். வீடு கட்டறப்ப வாங்கின தற்காலிக இணைப்புக்கு 100 யூனிட் கிடையாது; பால் காய்ச்சின கையோட அதை வீட்டு இணைப்பா மாத்துங்க. குடிசை இணைப்பு தனி வகை, அதோட கட்டணத்தை அரசே ஏத்துக்குது. குடிசையைப் பிரிச்சுட்டு காங்கிரீட் போட்டா வகையை மாத்தணும். பக்கத்துல சின்னாளப்பட்டியில கைத்தறி நெய்யறவங்களுக்கு: 2023 மார்ச்லிருந்து கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம், முன்னாடி அது 200. உங்க இணைப்பு கைத்தறியாப் பதிவாகியிருக்கான்னு பாருங்க.

கேஸ் மானியம் வேற மாதிரி. அங்க சிலிண்டருக்கு முழு விலையையும் கட்டிட்டு, பிறகு காசு பேங்க் கணக்குக்கு வரும். 2020-லிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு அது நின்னுபோச்சு. உஜ்வாலா இணைப்பு இருக்கற பெண்களுக்கு மட்டும் 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபாய். 2025-26-ல வருஷத்துக்கு 9 சிலிண்டர் வரைக்கும் கொடுத்தாங்க. ஆதார் கணக்கோட இணையலைன்னா அந்தக் காசு வராது. முன்பணம் புரட்ட முடியாத வீட்டுக்கு இந்த முறை கஷ்டம். அந்த விதத்துல பில்லுலயே கழிக்கிற மின் மானியம்தான் மேல்.

கடைசியா, ரீடிங் தேதி. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை கணக்கெடுக்கணும். நாள் தள்ளிப்போனா யூனிட் கூடும், அடுத்த படிக்குப் போயிரும். 2021 தேர்தல்ல மாசாமாசம் கணக்கெடுப்போம்னு திமுக வாக்குறுதி கொடுத்துச்சு. அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காம, ரீடிங் எழுதற வெள்ளை அட்டையில தேதியைப் பாருங்க, மீட்டர்ல இருக்கற எண்ணை அன்னைக்கே செல்லுல படம் எடுத்து வச்சுக்கங்க. தப்பா இருந்தா மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, எந்நேரமும் கூப்பிடலாம். அங்க தீரலைன்னா திண்டுக்கல்ல மின்பகிர்மான வட்டத்துக்கு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கு. எழுத்துல மனு கொடுங்க.

ஒரே மீட்டர்ல ரெண்டு மூணு குடும்பமா இருக்கற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, இந்தக் காணொளியை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த ரீடிங்குக்கு முன்னாடி தனி இணைப்புக்கு மனுவை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.