எழுதிக் கொடுத்த பிள்ளைகள்

"எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு பேச்சு என்ன?" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பத்திரத்தின் வாசகம் தெளிவாயிருந்தால் விவகாரம் அதோடு தீர்ந்தது என்பது நம்மவர் நம்பிக்கை. அடையாற்றில் பிறந்த வழக்கு ஒன்று அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது.

ஓய்வு பெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தரான ஸ்ரீ நாராயணய்யா, 1909-இல் தாயில்லாப் பிள்ளைகளுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய குமாரர் கிருஷ்ணமூர்த்தியைப் பிற்கால ஜகத்குருவென்றே சபையார் கருதினர். 1910 மார்ச் 6-ஆம் தேதியன்று, கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தனையும் ஸ்ரீமதி அன்னி பெஸண்டின் பாதுகாப்பில் ஒப்புவித்துத் தந்தையார் கையெழுத்திட்டார். 1912-இல் பையன்கள் படிப்புக்காக இங்கிலாந்து சென்றனர். பிள்ளைகளின் சகவாசம் பற்றிக் கவலை கொண்ட தந்தை அவர்களைத் திரும்பக் கேட்டார். அம்மையார் மறுத்தார்.

அடையாறு அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே ஜில்லாக் கோர்ட்டில் தாக்கலான வழக்கு பின்னர் சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக ஸ்ரீ சி.பி. ராமஸ்வாமி ஐயர் ஆஜரானார். அம்மையாரோ வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார்; அந்தத் துணிச்சலை மெச்சாதிருக்க முடியாது. 1913-இல் தீர்ப்பு தந்தைக்குச் சாதகமாயிற்று, அப்பீலிலும் அப்படியே. அம்மையார், அந்நாளில் நமக்கு இறுதி நியாயஸ்தலமாயிருந்த லண்டன் பிரிவி கௌன்ஸிலுக்குச் சென்றார்.

1914-இல் அங்கே கூறப்பட்டது கவனிக்கத்தக்கது. தகப்பன் ஸ்தானம் ஒரு புனிதமான பொறுப்பு. ஜீவித்திருக்கையில் அதை வேறொருவருக்குச் சாசனம் செய்துவிட முடியாது. வளர்க்கவும் படிப்பிக்கவும் பிறரிடம் ஒப்புவிக்கலாம். ஆனால் பிள்ளைகளின் நலம் வேண்டுமானால், எப்படி எழுதிக் கொடுத்திருந்தாலும் திரும்பப் பெறலாம். கடிதத்தின் வாசகத்தில் குழப்பம் இருந்ததென்று இதற்குப் பொருளன்று. கொடுக்க இயலாததை எவ்வளவு தெளிவாக எழுதினாலும் கொடுத்ததாகாது என்பதே கருத்து.

அப்படியானால் தந்தை ஜயித்தாரா? இல்லை! 1890-ஆம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, மைனர் 'சாதாரணமாக வசிக்கும்' இடத்துக் கோர்ட்டுக்கே அதிகாரம் அளிக்கிறது. ஆக்ஸ்போர்டில் படிக்கவென்று பல மாதங்களுக்கு முன்பே கப்பலேறிவிட்ட பையன்கள் செங்கற்பட்டு ஜில்லாவில் சாதாரணமாக வசிக்கிறார்கள் என்று எவ்வாறு சொல்வது? கடிதத்தின் வாசகம் முழுவதும் சாதிக்காததைச் சட்டத்தின் இரண்டு சொற்கள் சாதித்துவிட்டன. அதே இரண்டு சொற்களுக்குப் பொருள் காண 2011-இல் நம் சுப்ரீம் கோர்ட்டும் உட்கார நேர்ந்தது. அமெரிக்காவில் பிறந்து, தாயுடன் டில்லியில் தங்கிப் படித்துவந்த சிறுவன் டில்லியிலேயே சாதாரணமாக வசிக்கிறான் என்று தீர்ப்பாயிற்று.

நாராயணய்யாவின் வழக்கு தள்ளுபடியாயிற்று. வேண்டுமானால் இங்கிலாந்து ஹைகோர்ட்டை அவர் நாடலாமென்று பிரபுக்கள் வழி காட்டினர். பென்ஷன் வாங்கும் தந்தை சென்னையிலிருந்தார், பிள்ளைகள் இங்கிலாந்திலிருந்தனர்.