கூடி வாழ்ந்த ஓவியர்கள்

கண்காட்சி என்றவுடன் சுவரில் வரிசையாக மாட்டிய படங்களும் அவற்றின் கீழே சிறு விலைச்சீட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவருடைய படைப்புகள் மட்டும் இருந்தால் அது தனிக் கண்காட்சி; பலருடையவை இருந்தால் குழுக் கண்காட்சி. வேறுபாடு அவ்வளவுதானா?

அன்று என்பதற்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமமே சான்று. சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில், 1966-ஆம் ஆண்டில் அது தோன்றியது. தோற்றுவித்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் அப்பொழுது சென்னை அரசு கலை, கைத்தொழில் கல்லூரியின் முதல்வர். ஆண்டுதோறும் திறமைமிக்க இளைஞர்கள் அங்கே பயின்று வெளியேறினார்கள். வெளியேறிய பின்பு என்ன செய்வது? ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலர். வயிற்றுப் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்தவர்கள் பலர். இந்த இழப்பை ஆசிரியராகிய பணிக்கர் கண்ணெதிரே கண்டார்.

1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்து, கூட்டுக் கண்காட்சிகளால் சென்னை ஓவியர்களுக்கு ஒரு முகவரியைத் தேடித் தந்தவர் அவர். ஆனால் கண்காட்சி சில நாட்களில் முடிந்துவிடும். பசியோ மறுநாளும் வரும். ஆகவே கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அதில் முதன்மையான தொழில் பாத்திக். துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, சாயத் தொட்டியில் தோய்த்து, பின்பு மெழுகை நீக்கினால், மறைந்திருந்த கோலம் வெளிப்படும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நூலிழைபோல் ஊடுருவும். அதுவே அத்துணிக்கு அழகு. இவ்வாறு கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில், ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தை ஓவியர்கள் தாங்களே வாங்கினார்கள். மணல்வெளியில் குடிசைகள் எழுந்தன. நாளில் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு, எஞ்சியது கலைக்கு. வாங்குவோர் விருப்பத்திற்காகத் தம் ஓவியத்தை வளைக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. இந்த ஏற்பாட்டின் முழு நுட்பமும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஜே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால் என அங்கே வாழ்ந்த கலைஞர்களின் நடை ஒன்றுக்கொன்று வேறு. நந்தகோபால் உலோகத்தில் வடித்தார். சுல்தான் அலி பழங்குடி மக்களின் உருவங்களை நாடினார். ஒருமித்த கொள்கை எதையும் எவர்மீதும் சுமத்தவில்லை. கே. இராமானுஜம் என்ற இளைஞர் மைக்கோடுகளால் கனவு மாளிகைகளை எழுப்பினார். உலகியலோடு ஒட்டமுடியாத அவருக்கு அக்கிராமம் புகலிடமாயிற்று. எனினும் 1973-இல் இளமையிலேயே அவர் மறைந்தார். ஒற்றுமையால் எல்லாத் துயரையும் துடைக்க முடிவதில்லை.

சோழமண்டலம் என்ற பெயர் நம் அரியலூர் மண்ணுக்கு அயலானதன்று. சோழமண்டலத்தை ஆண்ட இராசேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே சண்டேசருக்கு மாலை சூட்டும் சிவபெருமானைக் கல்லில் வடித்த சிற்பியின் பெயரை யாரும் அறியார். அக்கோயிலின் மதிற்கற்களை 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்காகப் பெயர்த்துச் சென்றார்கள் என்பது வருத்தமான செய்தி. விமானம் மட்டும் அசையாமல் நின்றது.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் இன்றும் மரச்சிற்பிகள் வாகையிலும் மாவிலும் வேம்பிலும் தெய்வ உருவங்களைச் செதுக்குகிறார்கள். அவர்கள் தொழிலுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறர் அப்பெயரைச் சொல்லிப் போலிப் பொருளை விற்பதை அது தடுக்கும். வாங்குவோரைத் தேடித் தருவது அதன் வேலையன்று. ஈஞ்சம்பாக்கத்தில் 2009-இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தில் பணிக்கரின் தோழர்கள் படைத்தவை ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அரும்பாவூர்ச் சிற்பிகள் ஒருமுறை அதைப் பார்த்து வரலாம். படங்களை மட்டுமன்று, அந்த நிலம் வாங்கப்பட்ட கணக்கையும் அவர்கள் கேட்டறிய வேண்டும்.