தண்ணீர் என்றைக்கு வரும்? தங்கவயல் நகரசபை சொல்ல வேண்டிய சேதிகள்

கோலார் தங்கவயலில் நகரசபையிடமிருந்து ஒரு வீட்டுக்கு வந்து சேர வேண்டிய முதல் சேதி தண்ணீர்ச் சேதிதான். குழாயில் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும், வராவிட்டால் டேங்கர் எந்தத் தெருமுனையில் நிற்கும்? இது முன்கூட்டித் தெரிந்தால், மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் நிம்மதியாகப் போவார். தெரியாவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டுக் குடத்தோடு காத்திருக்க வேண்டும்.

இந்தச் சேதியைச் சொல்ல வேண்டியவர் யார்? தங்கவயலுக்கு மேயர் கிடையாது. கர்நாடகத்தில் மாநகராட்சிகளுக்குத்தான் மேயர். தங்கவயலை ஆள்வது ராபர்ட்சன்பேட்டை நகரசபை. 35 வார்டுகள், 2011 கணக்கெடுப்பின்படி 1,62,230 பேர். 1964ஆம் ஆண்டின் கர்நாடக நகராட்சிச் சட்டப்படி, கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை அத்யட்சராக, அதாவது தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் முப்பது மாதம். அந்த நாற்காலி எந்தப் பிரிவினருக்கு என்பதை அரசின் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் முடிவு செய்கிறது. அன்றாட நிர்வாகமோ அரசு அனுப்பும் கமிஷனர் கையில். ஆக, மக்களிடம் பேச வேண்டியவர் அத்யட்சர். கோப்பில் கையெழுத்திடுகிறவர் கமிஷனர்.

பல நேரங்களில் அந்த நாற்காலியே காலியாக இருந்திருக்கிறது. தங்கவயல் மக்கள் 2019 நவம்பரில் வாக்களித்தார்கள். இடஒதுக்கீட்டுப் பட்டியல் இழுபறியில் அத்யட்சர் தேர்தல் ஏறக்குறைய ஓராண்டு தள்ளிப்போனது. மாநிலம் முழுக்க இதே கதைதான். தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் தெருவில் இருந்தார். அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு அமர்த்திய நிர்வாகியின் கையில்தான் எல்லாம் இருந்தது.

இந்த ஊருக்குச் சேதி வந்து சேர்ந்த விதமே ஒரு தனி வரலாறு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தில் இறங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ‘லைன்’ வீடுகளில் குடியேறின. வேலைநேரம் சுரங்கச் சங்கில் தெரிந்தது. மற்றவை கம்பெனி நோட்டீஸ் பலகையிலும் பிறகு தொழிற்சங்கத்தின் கேட் கூட்டங்களிலும் தெரிந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் சுரங்கத்துக்காகத்தான். பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலா ஏரித் தண்ணீர் வந்ததும் அதற்காகத்தான். சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்ள சானிட்டரி போர்டு ஒன்று இருந்தது. மைசூர் சமஸ்தானத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரில், நூல் பிடித்தாற்போன்ற தெருக்களோடு ராபர்ட்சன்பேட்டை சுரங்கத்துக்கு வெளியே எழுந்தது.

பலகையில் ஒட்டிவிட்டால் சொன்னதாகிவிடுமா? 1930இல் அதற்கு விடை கிடைத்தது. தொழிலாளர்களின் கைரேகையை வாங்கிப் பதிவுசெய்யும் புதிய முறையை நிர்வாகம் கொண்டுவரப் பார்த்தபோது சுரங்கமே நின்றுபோகும் அளவுக்கு வேலைநிறுத்தம் மூண்டது. கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் அல்லவா என்ற கொதிப்பு லைனுக்கு லைன் பரவியது. தன்மானத்தைத் தொடுகிற ஒரு விஷயத்தை யாரிடமும் கேட்காமல் உத்தரவாக இறக்கியதற்குக் கிடைத்த பதில் அது.

கம்பெனி சொல்லாததைச் சொல்லத் தமிழர்கள் தங்களுக்கென்று வழிகளை வைத்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோயிருந்தது. 1926இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் தங்கவயலில் வாழ்ந்த ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீப்ஸில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. பூமிக்கடியில் உழைத்துவிட்டு வந்தவர்கள் வாசித்த, வாசிக்கக் கேட்ட ஊர் இது.

2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சங்கு நின்றது, கேட் கூட்டங்களும் நின்றன. ஆனால் நிலமும் லைன் வீடுகளும் மத்திய அரசின் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே தொடர்ந்தன. இன்றைய குழப்பத்துக்கு வேர் இங்கேதான். ஒரு லைனில் சாக்கடை உடைந்தால் அது நகரசபையின் பொறுப்பா, நிறுவனத்தின் பொறுப்பா? கூரை ஒழுகினால் யாரிடம் போவது? வீட்டுப் பத்திரம் எப்போது கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு நகரசபையால் பதில் சொல்லவே முடியாது. ‘இது எங்கள் கையில் இல்லை, இன்னாரிடம் போங்கள்’ என்று தெளிவாகச் சொன்னால் அதுவே பெரிய உதவி. அது சொல்லப்படாததால்தான் வயதான சுரங்கத் தொழிலாளிகள் ஒரே மனுவைத் தூக்கிக்கொண்டு மூன்று அலுவலகப் படி ஏறுகிறார்கள்.

இதற்குமேல் மொழி. நகரசபையின் கோப்பு, நோட்டீஸ், வரி ரசீது எல்லாம் கன்னடத்தில். ஆட்சிமொழி அதுதான் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தங்கவயலின் இளைய தலைமுறை பள்ளியிலேயே கன்னடம் படித்திருக்கிறது. ஆனால் ரசீதைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் பாட்டி. ‘டேய் கண்ணு, இதுல என்ன எழுதியிருக்கான், பாத்துச் சொல்லு’ என்று பேரனிடம் நீட்டுகிறார். பேரன் தொகையைப் படிக்கிறான், கெடுதேதியைப் படிக்கிறான், கீழே பொடி எழுத்தில் இருப்பதை விட்டுவிடுகிறான். பொடி எழுத்தில்தான் தள்ளுபடியும் அபராதமும் இருக்கும்.

அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. தங்கவயல்காரர் தமிழில் மனு கொடுத்தால் அது செல்லும். மறுதிசையிலும் ஓர் ஏற்பாடு உண்டு. மக்கள்தொகையில் 15 முதல் 20 சதவீதம் வரை மொழிச் சிறுபான்மையினர் வாழும் இடங்களில் முக்கிய அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என 1961இல் முதலமைச்சர்கள் மாநாடு ஒப்புக்கொண்டது. தங்கவயலில் தமிழர் எண்ணிக்கை அந்த அளவைத் தாராளமாகத் தாண்டும்.

வார்டு கமிட்டி இருந்தால் பேச ஒரு இடமாவது கிடைக்குமே என்று தோன்றும். 74ஆவது திருத்தம் வார்டு கமிட்டிகளைக் கட்டாயமாக்கியது உண்மைதான். ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும். ஒன்றரை லட்சம் பேர் உள்ள தங்கவயல் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. சிறிய நகரத்தில் கவுன்சிலரைத் தெருவிலேயே பார்க்கலாம், கமிட்டி எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும்.

பக்கத்து மாநிலமான தமிழ்நாடு 2022இல் வார்டு கமிட்டிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. நகரங்களில் வார்டு கமிட்டியும் அதற்குக் கீழே ஏரியா சபையும் அமைந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். 2023 மே மாதம் சென்னை மேயர் ஆர். பிரியா ‘மக்களைத் தேடி மேயர்’ என்ற பெயரில் ராயபுரம் மண்டலத்தில் மனு வாங்கத் தொடங்கினார். இன்னும் பழைய உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. போர்க்காலத்தில் மேயர் லா கார்டியா ஞாயிறுதோறும் நகர வானொலியில் பேசினார். ரேஷன், விலைவாசி, கடைக்காரர் ஏமாற்று என்று சமையலறைக் கணக்காகவே பேசுவார். 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகம் நின்றபோது, பிள்ளைகளுக்காகச் சித்திரக்கதைகளையும் வாசித்துக் காட்டினார்.

தங்கவயல் அத்யட்சருக்கு வானொலி நிலையம் வேண்டாம். தெருத்தெருவாக வரும் குப்பை ஆட்டோவில் ஒலிபெருக்கி இருக்கிறது. தண்ணீர் நாளை வரும் வார்டு எது என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் அதில் சொல்ல அரை நிமிடம் போதும். நகரசபை மாதந்தோறும் கூட வேண்டும் என்பது சட்டம். கூட்டம் முடிந்த மறுநாளே ஒரு பக்கத் தாளில் எடுத்த முடிவுகளை ஆண்டர்சன்பேட்டை, ஊரிகாம், சாம்பியன் ரீப்ஸ் தேநீர்க் கடைகளில் ஒட்டலாம். 2025இல் முறைப்படுத்தப்படாத மனைகளுக்கு பி-காத்தா என்ற சொத்துப் பதிவைக் கொடுக்க மாநில அரசு மூன்று மாத இயக்கம் அறிவித்ததே, அப்படிப்பட்ட சேதி இந்த வழியில்தான் வேகமாகப் போய்ச் சேரும். காத்தா கிடைப்பதால் மனை முழுக்கச் சட்டபூர்வமாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடைத்தரகர் தன் விருப்பப்படி விளக்கம் சொல்வார்.

அடுத்த பெரிய சேதி சயனைடு மேடுகளிலிருந்து வரப்போகிறது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுமண், நூறாண்டுக்கு மேலாக ஊருக்கு நடுவே குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த வெள்ளைத் தூள் காயப்போட்ட துணியிலும் அடுப்பிலிருக்கும் சோற்றிலும் படியும். 13 மேடுகள், 1003.4 ஏக்கர்; இவற்றில் மீண்டும் சுரங்கப் பணி செய்யும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை கிடைக்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தூசு அதிகமாகுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஏலமும் உரிமமும் நகரசபையின் கையில் இல்லை. ஆனால் மண் லாரிகள் தேய்க்கப்போவது ஊருக்குள் நகரசபை போட்ட சாலைகளைத்தான். தூசு கிளம்பாமல் சாலையில் தெளிக்கும் தண்ணீர் குடிநீர் டேங்கரிலிருந்து போகக்கூடாது என்று சொல்லும் இடமும் நகரசபைக் கூட்டம்தான். எந்த லாரி எந்த வழியில், எந்த நேரத்தில் போகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே அந்தத் தெருக்காரர்களை உட்காரவைத்துப் பேசித் தீர்க்க அத்யட்சருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.