முதல் நாள் அரைமண்டி

நடன வகுப்பில் முதல் நாளே சலங்கை கட்டி ஆடலாம் என்று எண்ணுகிறீர்களா? பரதநாட்டியத்தில் முதலில் கற்பது அரைமண்டி. குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, முதுகு வளையாமல் பாதி அமர வேண்டும். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் போட, ‘தெய்யா தெய்’ என்று காலைத் தட்டுவீர்கள். இதுவே தட்டடவு.

ஏன் இப்படி அமர வேண்டும்? எரியோட்டுத் திடலில் கபடி ஆடுபவரைக் கவனியுங்கள். அவரும் முழங்காலை மடித்தே நிற்கிறார். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் உடல் எளிதில் சாயாது. ஆனால் நேராக நிற்கும்போது எலும்புகள் பெரிதும் தாங்கிய எடையை, இப்போது தொடைத் தசைகள் ஓயாமல் இறுகித் தாங்குகின்றன. அதனால்தான் தொடை நடுங்குகிறது.

இடுப்பில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. பல திசைகளிலும் சுழலும். முழங்காலோ கதவுக் கீல் போன்றது. எனவே காலை இடுப்பிலிருந்தே திருப்புங்கள். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்குண்டு கெடும். மேலைநாட்டு பாலே நடனத்துக்கும் இதே விதிதான். 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல், பரதத்துக்கு முன்பே பாலே பயின்றவர்!

தொடைச் சோர்வு பழகப் பழகக் குறையும். முழங்கால் வலித்தாலோ மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.