புது பிளாட்டுக்கு கட்டில், பீரோ வாங்கப் போறீங்களா? பளபளப்பை பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை: பால் காய்ச்சி புது பிளாட்டுக்கு குடிபோன மறு வாரமே கட்டில், பீரோ, சோபா என்று கடை கடையாக ஏறி இறங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முன்பணம், பத்திரச் செலவு என்று கை காலியாகி இருக்கிற நேரம். 'கட்டில், பீரோ, டிரெஸ்சிங் டேபிள் மூணும் சேர்த்து இவ்வளவுதான்' என்று கடை வாசலில் தட்டி வைத்திருந்தால் மனசு அங்கேதான் ஓடும். அந்த செட் ரெண்டு மழைக்காலத்தை தாங்குமா என்பதுதான் கேள்வி.

தண்ணி பட்டா உப்பும் பலகை

இப்படி செட்டாக குறைந்த விலைக்கு வருவதில் பெரும்பாலானவை முழு மரம் கிடையாது. மரத்தூளையும் மரச்சில்லுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. மேலே தேக்கு நிறத்தில் மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். தூக்கிப் பார்த்தால் நல்ல கனம் இருக்கும். கனத்தைப் பார்த்து 'ஸ்ட்ராங்கா இருக்கு' என்று நினைத்துவிடக் கூடாது. ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்து தண்ணீர் இறங்கினால் பலகை உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு இதை சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். பீரோ கதவைத் திறந்து கீல் மாட்டிய இடத்தையும், பின்பலகையின் ஓரத்தையும் பாருங்க. ரவை உப்புமா கட்டி மாதிரி துகள் துகளாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

இன்னொரு விஷயம். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை ஸ்க்ரூவை கழற்றி மாட்டினால் பழைய பிடிப்பு இருக்காது. அடிக்கடி வீடு மாற்றுகிற வாடகைக்காரர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

பிளைவுட் என்று சொன்னால் ஐ.எஸ்.ஐ. முத்திரை கேளுங்க. சாதாரண பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. 'எம்.ஆர். கிரேடு' என்றால் ஈரக்காற்றை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். சமையல்கட்டு சிங்க் கீழே வைக்கிற பலகைக்கு அது சரிப்படாது, 710 தான் வேணும்.

கேஜ் கூடினா தகடு மெலியும்!

இரும்பு பீரோ வாங்கப் போகிறவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். '24 கேஜ் தகடு சார்' என்று கடைக்காரர் சொன்னதும், 20-ஐ விட 24 பெரிசு, அப்போ இது கெட்டி என்று நினைக்கிறார்கள். கணக்கு தலைகீழ். நம்பர் கூடக் கூட தகடு மெல்லிசாகும். 20 கேஜ்தான் தடிமன். கதவின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்க. 'டொப்'பென்று உள்ளே போய் வந்தால் மெல்லிய தகடு. மேலே எத்தனை பெயின்ட் அடித்தாலும் அது மாறாது.

தேக்கு கட்டிலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் கெட்டி. வெளிப்பகுதியை ஆசாரிகள் 'வெள்ளை' என்பார்கள். அதில் சீக்கிரம் உளு விழும். அதை மறைக்க அடர்த்தியாக பாலிஷ் போட்டுவிடுவார்கள். கட்டிலின் அடிப்பக்கம் பாலிஷ் இருக்காது, குனிந்து பாருங்க. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, காசு உங்களுது.

சோபாவுக்கு ஃபோம் டென்சிட்டி கேளுங்க. உட்காரும் இடத்துக்கு 32-க்கு குறையாமல் இருக்கட்டும்.

அளவு எடுத்துட்டு போங்க

10-க்கு 10 ரூமில் ஆறடி அகல கட்டிலை சுவரோடு ஒட்டிப் போட்டாலும் மீதி 4 அடி, அதாவது 48 அங்குலம். எதிர் சுவரில் 19 அங்குல ஆழ பீரோ வைத்து, அதன் 18 அங்குல கதவைத் திறந்தால் மிச்சம் 11 அங்குலம்தான். ஆள் நிற்கவே இடம் இருக்காது. அந்த ரூமுக்கு ஐந்தடி கட்டில் போதும். லிப்ட், மாடிப்படி திருப்பம், ரூம் கதவு அகலத்தையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்க.

வட்டியில்லா தவணை என்றால் உடனே கையெழுத்து போடாதீங்க. அப்படி ஒன்று கிடையாது, வட்டியை பிராசசிங் கட்டணம் என்ற பேரில் வாங்கிவிடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று ரெண்டையும் எழுதி வாங்கிப் பாருங்க.

துண்டுச் சீட்டு வேண்டாம், பில் கேளுங்க. அதில் மரத்தின் பெயர், பிளைவுட் கிரேடு, தகட்டின் கேஜ், எத்தனை வருஷ வாரன்டி எல்லாம் எழுதச் சொல்லுங்க. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடலாம். அங்கும் சரியாகாவிட்டால் 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது.