வேகத்தைக் காப்பது யார்?

கணினித் திரையில் ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டப் பழகிய ஒருவரால், விமானிகள் இருவரும் மயங்கிவிட்ட நெருக்கடியில், பயணிகள் நிறைந்த நிஜ விமானத்தைத் தரையிறக்க முடியுமா என்ற கேள்வி, புதிய சிமுலேட்டர் மென்பொருள் வெளிவரும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து எழுகிறது. விளம்பரங்கள் உணர்த்தும் விடை 'முடியும்' என்பதற்கு மிக அருகில் நிற்கிறது. அதை நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை. அவை முன்வைக்கும் சான்று, மேகங்களின் தத்ரூபமும், விமானி அறையின் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்கலாம் என்பதுமே. ஆனால் பொத்தான்களின் எண்ணிக்கை ஏ320-ஐக் கற்பதிலுள்ள உண்மையான கடினம் அன்று. தலைக்கு மேலுள்ள பலகையில் மின்சாரம், எரிபொருள், திரவ அழுத்தம் என்று அமைப்புவாரியாக அடுக்கப்பட்டிருக்கும் பொத்தான்கள், எல்லாம் ஒழுங்காக இயங்கும்போது பொதுவாக விளக்கின்றி இருண்டிருக்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்புக் கொள்கை. எனவே கற்பவர் அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே பார்த்தால் போதும்.

சிமுலேட்டர்களின் வரலாறு சுருக்கமானது. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தம் குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டு 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். 1934-இல் அமெரிக்க ராணுவம் அதை வாங்கத் தொடங்கியது. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய சிமுலேட்டர் நிரல் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கும், 1982-இல் மைக்ரோசாப்ட் வழியாக ஐபிஎம் கணினிக்கும் வந்தது. இன்று விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் மிக உயர்ந்த தரத்துச் சிமுலேட்டரில் பயின்ற அனுபவமுள்ள விமானி, அந்த ரக விமானத்தில் முதன்முதலாக ஏறும்போதே பயணிகளுடன் பறக்க அனுமதிக்கப்படுகிறார். ஆறு உந்துதண்டுகளின்மேல் ஆடும் அந்தக் கூண்டின் நம்பகத்தன்மையைத்தான் மேசைக் கணினி மென்பொருளின் விளம்பரங்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன.

ஏ320-ஐக் கற்பவரை நெடுநாள் தடுமாறச் செய்வது பொத்தான்களின் எண்ணிக்கையன்று, வேறொன்று. இறங்கும் விமானத்துக்கு வேகம் இரண்டு வழிகளில் கிடைக்கிறது: எஞ்சினின் உந்துவிசையால், அல்லது மூக்கைத் தாழ்த்தி உயரத்தை இழப்பதால். ஆகவே வேகத்தைக் காக்கும் பொறுப்பை எஞ்சினிடமும் கொடுக்கலாம், மூக்கிடமும் கொடுக்கலாம்; ஏ320-இன் கணினி இரண்டையும் செய்கிறது. 'வெர்ட்டிகல் ஸ்பீடு' என்ற முறையில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பதை விமானி குறிப்பிட, மூக்கு அந்த இறக்கத்தைக் காக்கும், எஞ்சின் வேகத்தைக் காக்கும். 'ஓப்பன் டிசென்ட்' என்ற முறையில் விமானி சேரவேண்டிய உயரத்தை மட்டும் குறிப்பிட, எஞ்சின் மிகக் குறைந்த விசைக்குச் சென்று ஓய்ந்திருக்கும், மூக்கே ஏறித் தாழ்ந்து வேகத்தைக் காக்கும், இறக்கத்தின் விரைவு எவ்வளவாகவும் அமையலாம். முதலாவதற்கு ஒரு குமிழை இழுக்க வேண்டும். இரண்டாவதற்கு அதற்கு அடுத்த குமிழை.

ஒருவர் பெடல் மிதிக்க, முன்னே பாரில் அமர்ந்தவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இருவராக மலைச்சரிவில் இறங்கும் சைக்கிளை இதற்கு ஒப்பிடலாம். 'விரும்பிய பாதையில் நான் திருப்புகிறேன், வேகம் குறையாமல் நீ மிதி' என்பது முதல் உடன்பாடு. 'நீ கால்களை ஓயவிடு, தக்க சரிவாகப் பார்த்து நானே வேகத்தை வைத்துக்கொள்கிறேன்' என்பது இரண்டாவது. இரண்டும் நல்ல உடன்பாடுகளே. ஆபத்து, ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் எண்ணிக்கொண்டிருப்பதில் உள்ளது: முன்னிருப்பவர் சமதரைக்குத் திருப்புகிறார், பின்னிருப்பவர் மிதிக்கவில்லை, சைக்கிள் தள்ளாடுகிறது. உவமையை இன்னும் நீட்டினால், பின்னிருப்பவரின் பாதங்கள் எந்நேரமும் பெடலின்மேலேயே இருப்பதால், அவர் மிதிக்கிறாரா ஓய்கிறாரா என்பது முன்னிருப்பவருக்குத் தெரிவதில்லை என்றும் சொல்ல வேண்டும். போயிங் விமானங்களில் தானியங்கி அமைப்பு விசையைக் குறைத்தால் உந்துவிசைக் கைப்பிடிகளும் கண்முன் பின்னோக்கி நகரும். ஏ320-இல் அவை 'கிளைம்ப்' என்ற தடத்தில் அசையாமல் இருக்க, எஞ்சினின் விசை மட்டும் கூடிக் குறையும்.

யார் என்ன செய்கிறார்கள் என்பதை விமானிக்குச் சொல்வது, முதன்மைத் திரையின் உச்சியில் ஐந்து பத்திகளாகப் பிரிந்த ஒரு சிறு எழுத்துப்பட்டை. முதல் பத்தி எஞ்சினின் வேலையையும், இரண்டாவது மூக்கின் வேலையையும் காட்டும். நடப்பிலுள்ள முறை பச்சையிலும், காத்திருக்கும் முறை நீலத்திலும் தோன்றும். முறை மாறியவுடன் அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் ஒன்று பத்து விநாடிகள் நிற்கும். 'ஸ்பீடு' என்ற எழுத்து முதல் பத்தியில் இருந்தால் எஞ்சின் வேகத்தைக் காக்கிறது. 'ஐடில்' என்றிருந்தால் காக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கும் பொருளின் கனம் வியப்புக்குரியது.

1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 என்ற ஏ320 விமானம் ஓடுபாதையை அடையாமல் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் இறந்தனர். இறுதி அணுகலின்போது அதன் எஞ்சின்கள் குறைந்த விசையில் ஓய்ந்திருந்தன. நிமிடத்துக்கு 700 அடி என்று இறக்க விரைவைக் குறிப்பிட நினைத்து, உயரக் குமிழில் 700 என்று வைத்து ஓப்பன் டிசென்ட்டுக்குச் சென்றிருக்கலாம் என்பது விசாரணையில் முன்வைக்கப்பட்ட விளக்கம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,900 அடி மேலுள்ள விமான நிலையத்தில், அந்த உயரம் நிலத்துக்கடியில் இருக்கிறது. விமானம் சரியான பாதையைவிட்டுத் தாழாதிருக்க மூக்கு உயர்த்தப்பட்டது. எஞ்சின் ஓய்ந்திருந்ததால் வேகம் கரைந்தது. மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் 'ஃப்ளைட் டைரக்டர்' கோடுகளை இரு விமானிகளும் அணைத்திருந்தால் எஞ்சின் தானே வேகக் காப்புக்கு மாறியிருக்கும். ஒருவருடையது மட்டுமே அணைக்கப்பட்டிருந்தது. கைப்பிடிகள் முழு விசைக்குத் தள்ளப்பட்டபோது, ஓய்நிலையிலிருந்து எஞ்சின்கள் எழுவதற்குத் தேவையான சில விநாடிகள் மிஞ்சியிருக்கவில்லை. பின்னாளைய ஏ320-களில், வேகம் தாழ்ந்த எல்லையைக் கடந்து சரிந்தால் அக்கோடுகள் தாமே மறைந்து எஞ்சின் வேகக் காப்புக்கு மாறுமாறு செய்யப்பட்டுள்ளது.

வாசகரின் கேள்விக்குத் திரும்பினால், உடல் உணரும் அழுத்தமோ, உயிர் பறிபோகும் அச்சமோ மேசைக் கணினியில் கிடைப்பதில்லை. ஆகவே அது யாரையும் விமானி ஆக்குவதில்லை. ஆனால் முறைகளின் தர்க்கம் நாற்காலி ஆடுவதைச் சார்ந்ததன்று. நுணுக்கமாக எழுதப்பட்ட மென்பொருள் அதை முழுமையாகவே கற்பிக்க வல்லது, விளம்பரங்கள் கவனிக்காமல் விடும் அதன் மெய்யான பயனும் அதுவே. சோதித்துப் பார்க்க விரும்புவோர், பத்தாயிரம் அடி உயரத்தில் ஓப்பன் டிசென்ட்டைத் தொடங்கி, தானியங்கி விமானியைத் துண்டித்து, வழிகாட்டும் கோடுகளைப் பொருட்படுத்தாமல் மூக்கை மட்டத்துக்கு உயர்த்தலாம்: கைப்பிடிகள் இருந்த இடத்திலேயே இருக்க, வேகம் சரியத் தொடங்கும். ஒரு பக்கத்து ஃப்ளைட் டைரக்டரை அணைத்தால் எதுவும் மாறாது. மறுபக்கத்தையும் அணைத்தால் முதல் பத்தியில் 'ஸ்பீடு' என்று தோன்றி எஞ்சின் எழும்.