இடிப்பதா, புதுப்பிப்பதா? புதுவை பெரிய மார்க்கெட்டை ஒரு ரவுண்டு சுற்றி வரலாமா!

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இருந்து புதுச்சேரி செல்பவர்கள் பெரும்பாலும் கடற்கரையையும், மணக்குள விநாயகர் கோவிலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். ஆனால் அரை நாள் ஒதுக்கி பார்க்க வேண்டிய இன்னொரு இடமும் அங்கே இருக்கு. அதுதான் பெரிய மார்க்கெட்.

போவது எப்படி?

இரண்டு ஊர்களில் இருந்துமே புதுச்சேரி சுமார் 40 கிலோ மீட்டர்தான். திண்டிவனத்தில் இருந்து கிளியனூர் வழியாகவும், விழுப்புரத்தில் இருந்து வளவனூர், கண்டமங்கலம் வழியாகவும் பஸ்சில் போகலாம். விழுப்புரத்துக்காரர்களுக்கு ரெயிலும் உண்டு. இந்த ரெயில் பாதை 1879-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஸ்டேஷனில் இறங்கினால் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

குபேரன் இல்லீங்க, குபேர்!

மார்க்கெட்டின் இப்போதைய பெயர் குபேர் அங்காடி. செல்வத்துக்கு அதிபதியான குபேரனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1963-ம் ஆண்டு புதுச்சேரியின் முதலாவது முதல்-அமைச்சரான எதுவார் குபேரின் பெயர்தான் இது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது 'கிராண்ட் பஜார்' என்றார்கள். ஜனங்களுக்கு என்றைக்கும் 'பெரிய மார்க்கெட்'தான்.

மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் குறுகலான சந்துகளில் காய்கறி, பழம், பூ, மளிகை, மீன் என்று வரிசையாக கடைகள். மீன் வாங்க நினைப்பவர்கள் காலையிலேயே போவது நல்லது.

சுற்றியுள்ள வீதிகள்

துணிமணிக்கு நேரு வீதி. இதன் பழைய பெயர் துய்ப்ளே வீதி. அந்த கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப்பிள்ளை. 1736 முதல் 1761 வரை தினமும் நடந்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். சரக்கு, கப்பல், விலைவாசி எல்லாம் அதில் இருக்கிறது. 1738-ம் ஆண்டு கட்டிய அவரது மாளிகை மார்க்கெட்டுக்கு அருகே, அவர் பெயரிலேயே உள்ள ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனால் மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் களைகட்டும். பேரம் பேச கூச்சப்பட வேண்டாம்.

என்ன பிரச்சினை?

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு புதுச்சேரி 2017-ம் ஆண்டு தேர்வானது. அதன் கீழ் பெரிய மார்க்கெட்டை இடித்து புதிதாக கட்ட திட்டமிட்டபோது வியாபாரிகள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். கட்டிடம் பழசாகி விட்டது, இட நெருக்கடி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அன்றாடம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, கடையை வேறு இடத்துக்கு மாற்றினால் வாடிக்கை போய்விடும். திரும்பி வரும்போது அதே இடம் கிடைக்குமா என்ற பயமும் உண்டு.

சென்னை மூர் மார்க்கெட் இதற்கு ஒரு பாடம். 1900-ம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த சிவப்பு கட்டிடம் 1985-ம் ஆண்டு மே மாதம் தீயில் கருகியது. அந்த இடத்தில் இப்போது இருப்பது சென்ட்ரல் புறநகர் ரெயில் நிலையம். வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு போனார்கள். பழைய புத்தகம் தேடி ஊர் ஊராக ஜனங்கள் வந்த அந்த மார்க்கெட் திரும்ப வரவே இல்லை.

அடுத்த முறை புதுவை போகும்போது கையில் ஒரு துணிப்பையும், கொஞ்சம் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். பீச்சுக்கு சாயந்திரம் போகலாம், மார்க்கெட்டுக்கு காலையிலேயே போய்விடுங்கள்.